தோணிக்குட்டி பேசிய தமிழ்

1

நான் வசிக்கும் நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் மகள் அங்கேதான் பள்ளிக்குப் போகிறாள். என் குடியுரிமை மனுவும் அங்கே ஏதோ ஒரு மேசையில்தான் கிடக்கிறது. வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்க எல்லை முழுக்கப் பெரிய ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. இரண்டு கரைக்காரர்களும் ஒரே மாதிரி ரொட்டி சுடுகிறார்கள், ஒரே மொழியைக் கொஞ்சம் வேறு இழுவையில் பேசுகிறார்கள். வெளியூர்க்காரியான எனக்கு இருவரையும் பிரித்தறியவே பல வருஷம் ஆயிற்று.

போன தை மாதம் வேலையாகச் சென்னை வந்திருந்தபோது, மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு தாய், இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஆறு வயது இருக்கும். தம்பி ஏதோ கேட்டு நச்சரித்துக்கொண்டே இருந்தான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவன் முகத்துக்கு நேரே சொன்னாள்: “அக்கரை வாத்து, வாயைச் சாத்து!”

தம்பி சட்டென்று அடங்கிவிட்டான். கோபித்துக்கொண்டு அடங்கியதாகத் தெரியவில்லை. விளையாட்டில் தன் முறை முடிந்தது போலத் தலையைக் குனிந்துகொண்டான். தாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். “டிவில வர்றது மேடம். எப்பப் பாத்தாலும் இதேதான்,” என்றார்.

அந்த வரியை எழுதியவள் நான். மூல மொழியில் அந்த இடத்தில் எதுகை எதுவும் கிடையாது. தமிழில் நாக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து எழுதியது. ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தத் தாயிடம் சொல்லிவிடலாமா என்றுகூட வாய்வரை வந்தது. அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

2

கல்யாணமாகி அந்த ஊருக்குப் போன புதிதில் எனக்கு அந்த மொழி சுத்தமாக வராது. ரசீதுக்கும் மன்னிப்புக்கும் அதில் ஒரே ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். முதல் வருஷம் முழுக்கக் கடை கடையாகப் போய் மன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தேன். ரொட்டிக் கடைக்காரர் என்னை மிகவும் அடக்கமான பெண் என்று நினைத்திருந்தாராம். பின்னாளில் சொல்லிச் சிரித்தார்.

என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. நான் வீட்டிலேயே இருந்து அகிலாவை வளர்த்தேன். மொழி ஒருவழியாகப் படிந்த பிறகு, அரசு ஒலிபரப்பின் வெளிநாட்டுப் பிரிவில் தமிழ் தெரிந்தவர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்குத் தலைவி மார்த்தா. வெள்ளைத் தலை, மெல்லிய குரல். குழந்தைப் பாடல்கள் எழுதுகிறவர். யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை.

அவர்கள் எடுத்த கார்ட்டூனில் நாயகன் ஒரு சின்னப் படகு. முன்பக்கத்தில் கண்ணும் வாயும் இருக்கும். ஆற்றில் மிருகங்களை ஏற்றி இறக்கும். தமிழில் அதற்கு நான் வைத்த பெயர் தோணிக்குட்டி. அதை ஓட்டுகிற கேப்டன் ஒரு கிழட்டு நீர்நாய். அக்கரையில் வாத்துகள் இருந்தன. அவை எதையாவது தொலைக்கும், நேரத்துக்கு வராது, தங்களுக்குள் கத்திச் சண்டை போடும். தோணிக்குட்டி போய் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு வரும். ஒவ்வொரு கதையும் வாத்துகள் நன்றி சொல்வதோடு முடியும். பிள்ளைகளுக்கான கதையில் ஒரு சமர்த்து, ஒரு அசடு இருப்பது வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

இதைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் டப்பிங் செய்து, அந்தந்த ஊர்ச் சானல்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். டப்பிங் செலவும் அவர்களுடையதே. சானல்காரர்கள் ஏன் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள்? தமிழில் செய்து உங்களுக்கு என்ன லாபம் என்று ஒருமுறை மார்த்தாவிடம் கேட்டேன். கேன்டீனில் சூப் குடித்துக்கொண்டிருந்தவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் படித்து உலகம் முழுக்கப் போகிறவர்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர் பத்திரிகையில் இருப்பார், ஒருவர் அமைச்சகத்தில் இருப்பார். ஆற்றைப் பற்றி ஏதோ ஒரு தகராறு அவர்கள் காதில் விழும். யார் சொல்வது சரி என்று விசாரிப்பதற்கு முன்னாலேயே அவர்கள் மனசு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அது நம் பக்கமாக இருந்தால் போதும்.

நாட்டுப்பற்று உள்ளவர், தன் வேலையை நேசிக்கிறவர் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. சூப் ஆறிவிடப் போகிறது என்றேன்.

3

ஒவ்வொரு வருஷமும் டப்பிங் நேரத்தில் மூன்று வாரம் சென்னை வருவேன். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் துணிக்கடை வைத்தது. இப்போது அண்ணன் சங்கரன் நடத்துகிறான். ரங்கநாதன் தெருவிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில், ஒரு மாடிப்படி அகலத்தில் கடை. அந்தத் தை மாதம் கடைக்குப் போனபோது வாசலில் கொத்தாகத் தோணிக்குட்டி டீ-ஷர்ட்கள் தொங்கின. யாரிடமும் அனுமதி வாங்கி அச்சடித்தவை அல்ல. திருப்பூரிலிருந்து வருகிறதாம்.

“ஏட்டி கோமு, ஒன் படகுதான் இந்த சீசன்ல கடையக் காப்பாத்துது,” என்றான் அண்ணன்.

கடைக்குள் நான் உட்கார்ந்திருந்தபோதுதான் அகிலா கூப்பிட்டாள். அங்கே காலை நேரம், பள்ளியில் இருக்க வேண்டியவள். பதினைந்து வயதில் அவள் என்னிடம் தானாகக் கூப்பிட்டுப் பேசுவதே குறைந்துபோயிருந்தது. பேசினாலும் அந்த ஊர் மொழிதான். அன்று தமிழில் பேசினாள். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியக்கூடாது என்பதற்காக என்று பிறகு தெரிந்தது.

“அம்மா, பாலத்தை மூடப்போறாங்க. லீசா போகணும்.”

லீசா அவளுடைய சிநேகிதி, பக்கத்துக் கட்டடத்தில் குடியிருப்பவள். குடும்பம் அக்கரையிலிருந்து வந்து பல வருஷமாகிறது. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அகிலா சொன்னதைக் கோத்துப் பார்த்தால் விஷயம் இது: அக்கரையில் பிறந்தவர்கள் அனைவரும் பதிவுசெய்துகொண்டு மஞ்சள் அட்டை வாங்க வேண்டும். அட்டை உள்ளவர்கள் சில வேலைகளில் இருக்க முடியாது. ஆஸ்பத்திரி அதில் ஒன்று. அட்டை வேண்டாம் என்பவர்கள் பாலம் மூடுவதற்குள் ஆற்றைக் கடந்து போய்விடலாம்.

லீசாவுக்கு ஒரு தங்கை உண்டு, நீனா. ஐந்து வயது. நான் வாங்கிக் கொடுத்த தோணிக்குட்டிப் பையைத்தான் பள்ளிக்கு மாட்டிக்கொண்டு போவாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“நீனாவை ஸ்கூல்ல வாத்து பண்ணிட்டாங்கம்மா,” என்றாள் அகிலா.

வாத்து என்று கேலி செய்தார்கள் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். ஒவ்வொரு இடைவேளையிலும் பிள்ளைகள் நீனாவைச் சுவரோரம் நிற்கவைத்து நன்றி சொல்லச் சொல்வார்களாம். நன்றி சொன்னால்தான் விளையாட்டில் சேர்த்துக்கொள்வார்களாம். ஆசிரியை பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாராம்.

போனை வைத்த பிறகும் கடையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த சீசனின் கடைசிக் கதை என் பைக்குள் இருந்தது. மொழிபெயர்த்து முடித்து, பதிவுக்குத் தயாராக வைத்திருந்தேன். அதில் வாத்துகள் கூட்டமாக இக்கரைக்கு வந்துவிடுகின்றன. எது நல்ல வாத்து, எது கெட்ட வாத்து என்று யாருக்கும் தெரியவில்லை. கேப்டன் நீர்நாய் ஒரு யோசனை சொல்கிறார். நல்ல வாத்துகளின் கழுத்தில் தோணிக்குட்டி மஞ்சள் நாடா கட்டுகிறது. நாடா வேண்டாம் என்று அடம்பிடிக்கும் வாத்துகளைப் பாட்டுப் பாடி அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

இவ்வளவு வருஷம் அந்த வேலையில் இருந்ததால் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். இப்படிப்பட்ட ஒரு கார்ட்டூன் கதையை எழுதி, வரைந்து, அசையவைத்து, இசை சேர்த்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். மஞ்சள் அட்டை அறிவிப்போ முந்தின நாள்தான் வந்திருந்தது. பெரியவர்களுக்குச் சொல்வதற்கு ஒரு வருஷம் முன்பே, யாரோ உட்கார்ந்து முதலில் குழந்தைகளுக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

அண்ணன் காபி வரவழைத்தான். என்னால் குடிக்க முடியவில்லை.

4

மறுநாள் தேனாம்பேட்டை ஸ்டூடியோவில் அந்தக் கதைக்குத்தான் பதிவு. தோணிக்குட்டிக்குக் குரல் கொடுப்பவள் வைதேகி. கோபாலபுரத்தில் நாங்கள் ஒன்றாகப் பள்ளியில் படித்தவர்கள். மயிலாப்பூரில் அப்பாவோடு தனியாக இருக்கிறாள். ஐம்பதை நெருங்குகிற வயதிலும் அவள் தொண்டையில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று பத்திரமாக இருந்தது. இருபது வருஷமாகச் சினிமாக்களில் குழந்தைகளுக்காக அழுதவள். அப்போதெல்லாம் அவள் பெயர் ஒருவருக்கும் தெரியாது. தோணிக்குட்டி வந்த பிறகு பள்ளி ஆண்டு விழாக்களுக்கு அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் மேடையில் நின்று ஒரு வரி பேசினால் பிள்ளைகள் கூரை பெயர்கிற மாதிரி கத்துவார்கள்.

பதிவாளர் பாபு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாராக இருந்தார். நான் பேப்பரைக் கொடுக்காமல் நின்றதைப் பார்த்து, “இன்னா மேடம், டயலாக் எதுனா மாறிகீதா?” என்று கேட்டார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வைதேகியை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். கீழே அண்ணா சாலை இரைந்துகொண்டிருந்தது. லீசா வீட்டுக் கதையையும் மஞ்சள் நாடாவையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டாள். “பாவமாத்தான் இருக்கு,” என்றாள். பிறகு, “ஆனா இங்க இருக்கற கொழந்தேளுக்கு அக்கரையும் தெரியாது, இக்கரையும் தெரியாது. அதுகளுக்கு அது வெறும் வாத்து, கோமு,” என்றாள்.

மாட வீதியில் கேட்டதைச் சொன்னேன்.

“நாமளும்தான் சின்ன வயசுல ஒருத்தர ஒருத்தர் எதெதுவோ சொல்லிண்டு திரிஞ்சோம். கெட்டா போயிட்டோம்?”

“நமக்கு அத யாரும் காசு செலவழிச்சுக் கத்துக்குடுக்கல வைதேகி.”

அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோபமில்லாமல், தணிந்த குரலில் பேசினாள். “நீ குடுக்க மாட்டேன்னு சொல்லிடுவ. சொல்லிட்டு பிளேன் ஏறிடுவ. நாளைக்கே அவா வேற ஒரு கொரலத் தேடிப்பா. அந்த வாத்துக்கு நாடா கட்டத்தான் போறா. நான் மட்டும் பழையபடி யாரோ ஒரு கொழந்தைக்கு அழுதுண்டு ஒக்காந்திருப்பேன். இத விட்டா எனக்கு ஆத்துல என்ன இருக்கு, சொல்லு?”

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இதுவரை மொழிபெயர்த்தது போதும், இதை மட்டும் என்னால் கொடுக்க முடியாது என்றேன். நீ செய்யாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருவரும் படியிறங்கினோம். பாபு விளக்கை அணைத்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார்.

5

மார்த்தாவுக்கு ஸ்டூடியோ வாசலிலிருந்தே போன் செய்து, அந்தக் கதையைக் கொடுக்க மாட்டேன் என்றேன். என் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்டார். அந்தக் கதையை யார் எழுதினார்கள் என்று கேட்டேன். பாட்டுகள் மட்டும்தான் தன்னுடையவை, கதை மேலேயிருந்து வந்தது என்றார். மேலேயிருந்து என்றால் ஒலிபரப்பிலா, அதற்கும் மேலா என்றேன். அவருக்குப் பதில் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். சென்னையில் வெயில் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

கடைசியில் அதே மெல்லிய குரலில் என் குடியுரிமை மனுவை நினைவூட்டினார். மனுக்களைப் பரிசீலிக்கும் குழுவின் முன்னால் அது இந்த மாதம் வருவதாகவும், பரிந்துரைக் கடிதத்தைத் தானே எழுதியதாகவும், நல்லபடியாக எழுதியதாகவும் சொன்னார். மிரட்டுகிற தொனியே அதில் இல்லை. நிஜமாகவே எனக்காகக் கவலைப்பட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கொடுக்க மாட்டேன் என்று இரண்டாவது தடவையும் சொன்னேன்.

அண்ணனிடம் அன்று சாயங்காலம் சொன்னபோது அவன் டீ-ஷர்ட் மடித்துக்கொண்டிருந்தான். “பேப்பரு கைக்கு வர்றது வரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதாட்டி? புள்ளையப் பத்தி யோசிச்சியா?” என்றான். யோசித்தேன் என்றேன். இருபது வருஷம் அந்த ஊரில் பனியள்ளிய பிறகு ஒரு வாத்துக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பேனா என்று கேட்டான். நீனாவின் படத்தைப் போனில் காட்டினேன். பையை மாட்டிக்கொண்டு பனியில் நிற்கிற படம். வெகுநேரம் பார்த்தான். ஆனாலும் டீ-ஷர்ட்களை மட்டும் எடுத்து மாட்டவே செய்தான். அது அவன் பிழைப்பு. நான் தடுக்கவில்லை.

மீதி நாட்களில் எனக்கு வேலையில்லை. கொட்டிவாக்கத்தில் இருக்கும் ஒருவர் அந்தக் கதையை மொழிபெயர்த்துக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று காலை வைதேகியிடமிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. அவளுடைய சொந்தக் குரல், சற்றே கம்மியிருந்தது.

“பண்ணிட்டேன் கோமு. நாடா கட்டற எடம் வந்தப்ப எனக்குக் கொரல் நடுங்கிடுத்து. இன்னொரு தடவ எடுக்கலாம்னேன். பாபு, இதுதான் நன்னா இருக்கு, வாத்து மேல தோணிக்கு எவ்ளோ பாசம் பாருங்கன்னு சொல்லிட்டு அப்படியே வெச்சுண்டுட்டார்.”

 பிறகு, “நீ வந்தா ஆத்துக்கு வா,” என்றாள்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் பட்ட வேதனையும் அந்தப் படத்துக்கு உபயோகப்பட்டுவிட்டது. சென்னையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்த நடுக்கத்தை அன்பு என்று கேட்டுக்கொண்டு தூங்கப்போவார்கள்.

6

திரும்பிப் போனதும் குடிவரவு அலுவலகத்திலிருந்து அழைப்பு. கவுன்டரில் இருந்த இளம்பெண்ணின் கணினி மேல் தோணிக்குட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பரிந்துரை ஒன்று திரும்பப் பெறப்பட்டதால் மனு முழுமையாக இல்லை, முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னாள். எவ்வளவு காலம் ஆகும் என்றேன். தெரியாது என்று அவள் புன்னகைத்தாள். என் கணவரின் வேலையை வைத்து அங்கே இருந்துகொள்ளலாம், அதுவரைக்கும் பிரச்சினையில்லை. அவர் இரண்டு நாள் என்னிடம் குறைவாகப் பேசினார், பிறகு சரியாகிவிட்டார்.

பாலம் மூடுவதற்கு முன்தினம் லீசா குடும்பம் பஸ் ஏறியது. அகிலாவும் நானும் வழியனுப்பப் போனோம். நிலையத்தில் அக்கரைக்காரர்கள் கூட்டம், பெட்டிகள், கட்டிவைத்த பாத்திரங்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. லீசாவும் அகிலாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். லீசாவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் தன் வார்டில் இருக்கும் ஒரு கிழவருக்கு மாத்திரையைப் பொடித்துத் தந்தால்தான் இறங்கும், புதிதாக வருகிறவளுக்கு அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன் என்று கவலைப்பட்டார்.

நீனா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். தோணியை என் மொழியில் பேசவைப்பது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். முன்பெல்லாம் தமிழில் ஒரு வரி பேசிக் காட்டச் சொல்லிக் கேட்டுச் சிரிப்பாள்.

“உங்க பாஷைலயும் அது வாத்தைத் திட்டுமா?” என்று அவள் மொழியில் கேட்டாள்.

திட்டும் என்றேன்.

“அத நீங்கதான் எழுதுனீங்களா?”

“ஆமா. இனிமே எழுத மாட்டேன்.”

அவள் யோசித்தாள். பஸ்ஸின் கதவு திறந்து, மக்கள் ஏற ஆரம்பித்தார்கள்.

“அப்போ வேற யாராவது எழுதுவாங்களா?”

பக்கத்தில் அகிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றேன்.

நீனா தலையை ஆட்டினாள். கேட்டதற்கு ஒழுங்காக விடை கிடைத்துவிட்ட மாதிரி ஆட்டினாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். ஜன்னல் ஓரத்து இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. பஸ் கிளம்பியபோது உள்ளே எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லா ஜன்னல்களுக்கும் கையசைத்தோம்.